எஸ்-நாப்ராக்சனுக்கு அச்சுப் பாலிமர்: வார்ப்பு முதல் பிரிப்பு வரை

வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் (எஸ், ஆர்) இருக்கக்கூடியது கைரல் மருந்து. கரைப்பானோடு ஒரு குழல் வழியாக ஓட்டி அவற்றைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு வடிவமும் வரைபடத்தில் ஒரு முகடாக, அதாவது பீக்காகத் தெரியும். கைரல் மருந்தின் தூய்மையைச் சோதிப்பவருக்குப் பெரிய தலைவலி, அந்தப் பீக்குகள் வெளிவரும் வரிசைதான். 99.5 விழுக்காடு எஸ் வடிவம் கொண்ட மாதிரியில் மீதி அரை விழுக்காடு ஆர் வடிவத்தை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ் முதலில் வந்தால், அதன் நீண்ட வாலுக்கு அடியில் ஆர் மறைந்துவிடும். ஆர் முன்னால் வந்தால், தட்டையான அடிக்கோட்டின் மேல் தனியாகத் தெரியும். விலைக்கு வாங்கும் பாலிசாக்கரைடு குழல்களில் எது முதலில் வரும் என்பது மாதிரியைச் செலுத்திப் பார்த்தால்தான் தெரியும். மூலக்கூறு அச்சுப் பாலிமர் என்பது ஒரு மூலக்கூறைச் சுற்றி வார்த்து, பிறகு அதைக் கழுவி நீக்கி, அதன் வடிவக் குழிகளை விட்டுவைத்த பாலிமர். அதில் அந்த வரிசையை நாமே தீர்மானிக்கிறோம். எந்த வடிவத்தை அச்சாக வைத்து வார்த்தோமோ அதுவே பிந்தி வரும். ஆக, தாராளமாகக் கிடைக்கும் வடிவத்தை அச்சாக வைக்க வேண்டும். தேடும் அசுத்தம் தானாக முன்னால் வந்துவிடும்.

வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கும் நாப்ராக்சன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருந்தாக விற்பது எஸ் வடிவம் மட்டுமே என்பதால் அச்சுக்குத் தேவையான தூய பொருள் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் மரியா கெம்பேயும் கிளாஸ் மொஸ்பாக்கும் 1994இல் இதே மருந்தை 4-வினைல்பிரிடின் கொண்டு அச்சிட்டு, ரேசிமிக் கலவையை (எஸ்ஸும் ஆரும் சரிபாதி) நேரடியாகப் பிரித்துக் காட்டினார்கள். இங்கே சொல்வதும் அதே வேதியியல்தான். அளவுகள் ஒரு 150 × 4.6 மி.மீ. குழலை நிரப்பப் போதுமானவை.

எந்த மோனோமர்

மோனோமர் என்பது பாலிமராகக் கோக்கும் சிறு மூலக்கூறு. அச்சு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் மோனோமரைத் தேர்வது எளிது. அமில மருந்துக்குக் கார மோனோமர், கார மருந்துக்கு அமில மோனோமர். நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென் போன்றவற்றில் கார்பாக்சிலிக் அமிலம் இருக்கிறது, அவற்றுக்கு 4-வினைல்பிரிடின். புரோப்ரனலால் போன்ற அமீன்களுக்கு மெத்அக்ரிலிக் அமிலம். நாப்ராக்சன் சோடியம் உப்பை அச்சாக எடுக்கவே கூடாது. அது குளோரோஃபார்மில் கரையாது. பிரிடினுடன் பிணைய வேண்டிய புரோட்டானும் அதில் இல்லை. தனி அமிலம்தான் வேண்டும். வாங்கிய பொருளின் ஒளிச்சுழற்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்: குளோரோஃபார்மில் சுமார் +66° வர வேண்டும். குறைவாக இருந்தால் அதில் ஆர் வடிவம் கலந்திருக்கிறது, அல்லது சரியாக உலரவில்லை.

சுத்திகரிப்பு

வாங்கிய மோனோமர்களில் அவை தானாக உறைந்துவிடாமல் இருக்கத் தடுப்பான் சேர்த்திருப்பார்கள். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பானான எத்திலீன் கிளைக்கால் டைமெத்அக்ரிலேட்டில் (இனி இ.ஜி.டி.எம்.ஏ.) சுமார் 100 பி.பி.எம். மெத்தாக்சிஃபீனால் இருக்கும். சிறு கண்ணாடிக் குழாயில் 5 கிராம் கார அலுமினா நிரப்பி, 10 மி.லி. இ.ஜி.டி.எம்.ஏ.வை மெதுவாக இறக்கினால் போதும். நிறைய வேண்டுமென்றால் 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இருமுறையும் உப்புநீரில் ஒருமுறையும் கழுவி, நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டில் உலர்த்தி வடிகட்டுங்கள்.

4-வினைல்பிரிடினைக் குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுத்தே ஆக வேண்டும், 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 62–65° செ.யில் வரும். நிறமற்று வர வேண்டும். பழுப்பேறிய பாட்டிலிலிருந்து நேராக எடுத்தால், அதில் ஏற்கெனவே உருவான ஒலிகோமர்கள் (குட்டைச் சங்கிலிகள்) பிணைப்பு இடங்களைப் பாழாக்கும். கண்ணை எரிக்கும், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் திரவம் இது. புகைக்கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள்.

கரைப்பான்தான் பாதி வேலை

அச்சும் மோனோமரும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்திருந்தால்தான் அச்சு பதியும். ஹைட்ரஜன் பிணைப்பில் போட்டி போடும் எந்தப் பொருளும் உள்ளே இருக்கக் கூடாது. மெத்தனால், நீர் அறவே ஆகாது. டொலுயீன் நல்ல கரைப்பான்தான், ஆனால் நாப்ராக்சன் அதில் போதிய அளவு கரைவதில்லை. குளோரோஃபார்மில் சுமார் 15 பங்குக்கு ஒரு பங்கு கரையும். இந்த வேலைக்கு அது தாராளம்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். கடையில் வாங்கும் குளோரோஃபார்மில் நிலைப்படுத்தியாக 0.5 முதல் 1 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். கீழே சொல்லும் 5.6 மி.லி. குளோரோஃபார்மில் அரை விழுக்காடு எத்தனால் என்றால் கிட்டத்தட்ட அரை மில்லிமோல். அச்சின் அளவில் பாதி. அச்சுப் பதிவு மங்குவதற்கு இது போதும். லேபிளில் அமிலீன் கொண்டு நிலைப்படுத்தியது என்று போட்டிருக்கும் ரகத்தை வாங்குங்கள். இல்லையென்றால் கார அலுமினா வழியாக இறக்கி எத்தனாலை நீக்கி, அன்றே பயன்படுத்துங்கள். எத்தனால் இல்லாத குளோரோஃபார்ம் வெளிச்சத்திலும் காற்றிலும் ஃபாஸ்ஜீனாக மாறும் என்பதால் சேமித்து வைக்கக் கூடாது. டெட்ராஹைட்ரோஃப்யூரானுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதில் சேர்க்கும் பி.எச்.டி. என்ற நிலைப்படுத்தி, பாலிமராக்கலை நடத்தும் ரேடிக்கல்களை விழுங்கிவிடும். அதில் பாலிமர் வார்ப்பதானால் வடித்து எடுக்க வேண்டும்.

அளவுகள்

அச்சு, மோனோமர், குறுக்கிணைப்பான் மூன்றும் 1 : 4 : 20 என்ற மோல் விகிதம்.

எஸ்-நாப்ராக்சன்: 230 மி.கி. (1 மில்லிமோல்)
4-வினைல்பிரிடின்: 0.43 மி.லி. (4 மில்லிமோல்)
இ.ஜி.டி.எம்.ஏ.: 3.77 மி.லி. (20 மில்லிமோல்)
குளோரோஃபார்ம்: 5.6 மி.லி.
தொடக்கி வி-65: 109 மி.கி. (0.44 மில்லிமோல்)

வி-65 என்பது 2,2'-அசோபிஸ்(2,4-டைமெத்தில்வேலரோநைட்ரைல்). சூட்டில் உடைந்து ரேடிக்கல்களைத் தந்து பாலிமராக்கலைத் தொடங்கி வைப்பது இதுதான். அளவை இப்படிக் கணக்கிடுவார்கள்: வினைல்பிரிடினில் ஒரு இரட்டைப் பிணைப்பு, இ.ஜி.டி.எம்.ஏ.வில் இரண்டு, மொத்தம் 44 மில்லிமோல். அதில் ஒரு விழுக்காடு 0.44.

மோனோமரை 8 மடங்கு, 10 மடங்கு என்று கூட்டினால் பிணைப்பு வலுக்கும் என்று தோன்றும். கூடுவது அச்சைச் சேராமல் அங்கங்கே சிதறிக் கிடக்கும் பிரிடின் தொகுதிகள்தான். அவை எஸ்ஸையும் ஆரையும் ஒரே மாதிரி பிடிக்கும். பீக் தாமதமாக வரும், பிரிப்பு குறையும். குறுக்கிணைப்பானைக் குறைத்தால் வலை தளர்ந்து, பதிந்த வடிவம் அச்சை நீக்கியதும் கலைந்துவிடும்.

உறைய வைத்தல்

தடித்த சுவருள்ள 25 மி.லி. கண்ணாடிக் குழாயில் முதலில் நாப்ராக்சனையும் குளோரோஃபார்மையும் போட்டு முழுதும் கரையுங்கள். வினைல்பிரிடின் சேர்த்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இ.ஜி.டி.எம்.ஏ., கடைசியில் தொடக்கி. குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, நுண்ணிய ஊசி வழியாக நைட்ரஜனை 5–10 நிமிடம் மென்மையாகச் செலுத்துங்கள். பனிக்கட்டி இல்லாமல் ஊதினால் குளோரோஃபார்ம் ஆவியாகி அளவுகள் மாறிவிடும். திரவ நைட்ரஜன் வசதி இருந்தால் உறைய வைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்குவதை மூன்று முறை செய்வது இன்னும் நல்லது. மூடியை இறுக்கி, 45° செ. நீர்த்தொட்டியில் 24 மணி நேரம் வையுங்கள்.

குளிரில் புற ஊதா ஒளியால் உறைய வைத்தால் பிணைப்பு வலுவாக இருக்கும் என்பது பொதுவாகச் சரிதான். பல மருந்துகளுக்கு ஏ.ஐ.பி.என். தொடக்கியும் 365 நானோமீட்டர் விளக்கும் 4° செ. வெப்பநிலையும்தான் வழக்கம். ஆனால் நாப்ராக்சன் 330 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சும். வெளிச்சத்தில் கார்பாக்சில் தொகுதியை இழந்து சிதையும். அச்சு சிதைந்தால் எதைப் பதிப்பது? ஏ.ஐ.பி.என். வேகமாக உடைய 60° செ. வேண்டும், குளோரோஃபார்ம் 61° செ.யில் கொதிக்கும். வி-65 இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது: 51° செ.யிலேயே அதன் அரை ஆயுள் 10 மணி நேரம்தான். பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். வெளியில் கிடந்து பழசான தொடக்கி உறையாத கூழைத்தான் தரும்.

சரியாக உறைந்த கட்டி சுண்ணாம்பு போல வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் நுண்துளைகள் போதவில்லை. மாதிரி உள்ளே நுழையவே திணறும். 24 மணி நேரத்துக்குப் பிறகும் கொழகொழப்பாக இருந்தால் ஆக்சிஜன், தடுப்பான், கெட்டுப்போன தொடக்கி என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். இன்னும் சூடாக்கி அதைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

அரைத்துச் சலித்தல்

குழாயை உடைத்து, கண்ணாடித் துணுக்குகளைக் கவனமாகப் பொறுக்கிவிட்டு, கட்டியைக் கல்வத்தில் இடித்து அரையுங்கள். முகக்கவசம் கட்டாயம். உலர்வாகச் சலித்தால் மின்னூட்டம் ஏறித் தூள் சல்லடையிலேயே ஒட்டிக்கொள்ளும்; அசிட்டோன் ஊற்றி ஈரமாகச் சலியுங்கள். 25 மைக்ரான் சல்லடையில் (500 மெஷ்) இறங்காததைத் திரும்ப அரைத்துச் சலித்துக்கொண்டே போக வேண்டும். ஒரேயடியாக நெடுநேரம் அரைத்தால் எல்லாம் மாவாகிவிடும். சிறிது அரைத்து உடனே சலிப்பதே முறை.

இறங்கிய தூளில் மிக நுண்ணிய துகள்களை நீக்காவிட்டால் குழல் அடைத்துக்கொள்ளும். அளவு உருளையில் 10 செ.மீ. உயரத்துக்கு அசிட்டோனில் கலக்கி, 30 நிமிடம் படியவிட்டு, மேலே கலங்கலாக நிற்பதைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். மேல்நீர் தெளியும் வரை இதைத் திருப்பிச் செய்யுங்கள். நான்கைந்து தடவை ஆகும். சுமார் 4.4 கிராம் பாலிமரில் பாதிக்கு மேல் இப்படியே போய்விடும். கட்டி வார்ப்பு முறையின் பெரிய குறை இதுதான்.

அச்சை வெளியேற்றுதல்

மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 9 : 1 கலந்து சாக்ஸ்லெட்டில் (கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்து, தூளின் மேல் திரும்பத் திரும்ப விழவைக்கும் கருவி) 24 மணி நேரம் என்று பெரும்பாலான செய்முறைகளில் இருக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு. மெத்தனால் 65° செ.யில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118° செ.யில். குடுவையிலிருந்து ஆவியாகி மேலே போவது பெரும்பாலும் மெத்தனால் மட்டுமே. அமிலம் குடுவையிலேயே தங்கிவிடும். தூளின் மேல் விழும் கரைப்பானில் அமிலம் அநேகமாக இராது. பிரிடினிலிருந்து நாப்ராக்சனைக் கழற்றுவதற்கு அமிலம்தான் தேவை.

அதனால் அமிலக் கழுவலை அறை வெப்பநிலையில், குடுவையில் செய்யுங்கள். 9 : 1 கலவை 50 மி.லி. ஊற்றி 2 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மறுபடி புதுக் கலவை. ஒவ்வொரு வடிநீரையும் 331 நானோமீட்டரில் அளந்து, வெளியேறிய நாப்ராக்சனைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தூக்கி ஊற்றிய நுண்துகளோடு போன பங்கையும் கணக்கில் எடுங்கள். வடிநீரில் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்த பிறகு, தனி மெத்தனாலில் சாக்ஸ்லெட் 12 மணி நேரம். இங்கே சாக்ஸ்லெட்டின் வேலை, பிரிடினில் ஒட்டிய அமிலத்தைத் துடைப்பது. கடைசியில் 50° செ. வெற்றிட அடுப்பில் இரவு முழுதும் உலர்த்துங்கள்.

எவ்வளவு கழுவினாலும் வலைக்குள் சிக்கிய சிறு பங்கு அச்சு உள்ளேயே இருக்கும். அது பிற்பாடு மெல்ல மெல்லக் கசியும்.

ஒப்பீட்டுப் பாலிமர்: எது உண்மையான சான்று

அச்சு போடாமல் அதே செய்முறையில் இன்னொரு பாலிமர் வார்ப்பது வழக்கம். அது வேண்டும்தான், ஆனால் அது எதைச் சொல்லும் என்பதில் தெளிவு வேண்டும். அதில் கைரல் எதுவுமே இல்லாததால் எஸ்ஸும் ஆரும் ஒரே நேரத்தில்தான் வரும். அச்சால் மொத்தப் பிடிப்பு எவ்வளவு கூடியது என்பதை மட்டுமே அது காட்டும். எஸ்-ஆர் பிரிப்பு அச்சினால்தான் வந்தது என்று நிறுவ, ஆர் வடிவத்தை அச்சாக வைத்து வார்த்து, வரிசை தலைகீழாகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்-நாப்ராக்சன் விலை அதிகம் என்றால், ரேசிமிக் நாப்ராக்சனை அச்சாக வையுங்கள். பிடிப்பு கிட்டத்தட்ட அதே அளவில் இருந்து பிரிப்பு மட்டும் காணாமல் போனால், உங்கள் எஸ் பாலிமர் உண்மையாகவே வேலை செய்கிறது. இந்தச் சோதனை இல்லாத முடிவுகளை நம்பத் தயக்கம் வேண்டும்.

குழலை நிரப்புதல்

தூளைக் குளோரோஃபார்ம்–அசிட்டோநைட்ரைல் 17 : 3 கலவையில் குழம்பாக்கி, சில நிமிடம் ஒலி அலைத் தொட்டியில் வைத்து, நிரப்பும் கலத்தில் ஊற்றி, அசிட்டோனைத் தள்ளும் கரைப்பானாகக் கொண்டு 300 பார் அழுத்தத்தில் நிரப்பலாம். கனமான குளோரோஃபார்ம் துகள்கள் உடனே படிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும். அதனால் பெரிதும் சிறிதும் தனித்தனியாகப் பிரியாமல் சீராக அமரும்.

நிரப்பியதும் முதலில் மெத்தனால்–அசிட்டிக் அமிலம் 9 : 1 கலவையை நிமிடத்துக்கு 0.5 மி.லி. வீதம் அடிக்கோடு தட்டையாகும் வரை ஓட்டுங்கள். அடுத்து நேராக மொபைல் ஃபேஸுக்கு (மாதிரியைக் குழல் வழியே சுமந்து செல்லும் கரைப்பான்) போகாதீர்கள். மெத்தனாலும் அதில் உள்ள ஹெப்டேனும் கலக்காது. குழலுக்குள் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றுவிடும். நடுவில் டெட்ராஹைட்ரோஃப்யூரான் மட்டும் 20 மி.லி. ஓட்டிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். இந்தக் கரைப்பானிலும் குளோரோஃபார்மிலும் பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாய்கள் உப்பி வெடிக்கும். இணைப்புகள் எல்லாம் ஸ்டீலாக இருக்கட்டும்.

ஓட்டம்

தொடக்க மொபைல் ஃபேஸ்: டெட்ராஹைட்ரோஃப்யூரான் 250, ஹெப்டேன் 250, அசிட்டிக் அமிலம் 1 (கனஅளவில்). வேகம் நிமிடத்துக்கு 0.5 மி.லி., வெப்பநிலை 25° செ., அளப்பது 272 நானோமீட்டரில். இங்கே நிலைப்படுத்தி சேர்க்காத டெட்ராஹைட்ரோஃப்யூரானே வேண்டும், பி.எச்.டி. ஒளியை உறிஞ்சும். பாட்டிலைத் திறந்தால் பெராக்சைடு சோதனை செய்துகொள்ளுங்கள். ரேசிமிக் நாப்ராக்சன் 0.1 மி.கி./மி.லி. கரைசலில் 20 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். காலி நேரத்துக்கு (பிடிபடாத பொருள் குழலைக் கடக்கும் நேரம்) அசிட்டோன்.

கணக்கை ஒரு கற்பனை எண்ணில் பார்ப்போம். அசிட்டோன் 3.0 நிமிடம், ஆர் 7.5, எஸ் 9.9 என்றால் பிடிப்பு எண்கள் (7.5 − 3) ÷ 3 = 1.5, (9.9 − 3) ÷ 3 = 2.3. பிரிப்புக் காரணி ஆல்ஃபா 2.3 ÷ 1.5 = 1.53. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி உயரத்தில் பீக்குகளின் அகலம் 2.0, 3.5 நிமிடம் என்றால் பிரிதிறன் 1.18 × 2.4 ÷ 5.5 = 0.51. முழுப் பிரிவுக்கு 1.5 வேண்டும். அச்சுப் பாலிமரில் இது சகஜம்: தேர்ந்தெடுக்கும் திறன் இருக்கும், பீக்குகள் அகலமாக இருக்கும். பிணைப்பு இடங்கள் எல்லாம் ஒரே வலுவில் இல்லை. சில இறுக்கிப் பிடிக்கும், பெரும்பாலானவை லேசாகத்தான் பிடிக்கும். எஸ் பீக்கின் நீண்ட வால் அதனால்தான் வருகிறது.

சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு. முதலில் மாதிரியைக் குறையுங்கள். வலுவான இடங்கள் சொற்பம், அவை நிரம்பியதும் ஆல்ஃபா விழும். செலுத்தும் அளவை மாற்றினால் பீக்கின் நேரமே மாறுவது இதன் அடையாளம். அடுத்து வேகத்தை 0.2 மி.லி.க்கு இறக்கிப் பாருங்கள். மூன்றாவது, குழலை 40–60° செ.க்குச் சூடாக்குங்கள், ஆல்ஃபா கொஞ்சம் குறையலாம், ஆனால் பீக்குகள் ஒடுங்குவதால் பிரிதிறன் பெரும்பாலும் கூடும். நான்காவது அமிலம்: கூட்டினால் பீக்குகள் சீக்கிரம் வரும், வால் சுருங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் பிரிப்பே போய்விடும். 0.1 முதல் 1 விழுக்காட்டுக்குள் சிறு படிகளாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

இந்த அளவுத் துகளுக்குக் குழலின் அழுத்தம் சில பார்தான் இருக்க வேண்டும். 50 பாரைத் தாண்டினால் நுண்துகள் வடிதட்டை அடைத்திருக்கிறது, அல்லது கரைப்பான் மாற்றத்தில் பாலிமர் உப்பியிருக்கிறது. பிடிப்பு நன்றாக இருந்தும் ஆல்ஃபா 1 என்றால், அச்சில் ஆர் கலப்பு, குளோரோஃபார்மில் எத்தனால், பொருட்களில் ஈரம் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். பிடிப்பே இல்லையென்றால் கழுவலில் தங்கிய அமிலம் பிரிடினை ஆக்கிரமித்திருக்கிறது.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது

இதே தூளைச் சிறு பொதியில் அடைத்து, ஒரே தடவை ஊற்றி வடித்து எனான்சியோமர்களை (எஸ், ஆர் வடிவங்களை) பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆல்ஃபா 1.5 என்றால் ஒரே சமநிலையில் ரேசிமிக் கலவை அதிகபட்சம் 60 : 40 ஆகும், அவ்வளவுதான். குழலில் அந்தச் சமநிலை நூற்றுக்கணக்கான முறை நடப்பதால்தான் பிரிகிறது. பொதிவடிவம், இரத்தத்திலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ நாப்ராக்சனை மொத்தமாகத் திரட்டுவதற்கு ஏற்றது. அங்கே கசியும் அச்சு அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், நாப்ராக்சனை ஒத்த வேறொரு மூலக்கூறை அச்சாக வைக்க வேண்டும்.

தினமும் நூறு மாதிரி ஓடும் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்துக்கு அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் பெர்க்கிள் நாப்ராக்சனை மனதில் வைத்தே வடிவமைத்த வெல்க்-ஓ 1 குழலை வாங்குவதே சரி. பீக்குகள் கூர்மையாக இருக்கும். எதிர் வடிவக் குழலும் கிடைப்பதால் அங்கும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அப்படித் தயார்க் குழல் எதுவும் பிரித்துத் தராத புது மூலக்கூறுக்கும், வரிசையை மாற்ற வேறு வழியில்லாத இடத்துக்கும் அச்சுப் பாலிமர் வையுங்கள்.

வேலை முடிந்ததும் டெட்ராஹைட்ரோஃப்யூரானால் ஹெப்டேனை விரட்டி, அமிலமில்லாத அசிட்டோநைட்ரைலை நிரப்பி இரு முனைகளையும் மூடுங்கள். உலரவிட்டால் தூள் சுருங்கிக் குழலின் தலையில் வெற்றிடம் விழும். அடுத்த ஓட்டத்தில் இரட்டைப் பீக்குகள் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.